பேச்சியின் பகல்

மருதடி மடத்தில் அன்று விடிந்ததும் நயினார் அம்மையைத் தேடிப் போனார்.

அம்மை கிணற்றடியில் உட்கார்ந்து கீரை அலசிக்கொண்டிருந்தார். முழுப்பெயர் உலகம்மை. மலையடிவாரத்து அந்தச் சின்ன மடமும், அதை ஒட்டிய பள்ளிக்கூடமும் அவர் பொறுப்பு. நயினார் அவரைவிடப் பத்து வயது மூத்தவர். டவுனில் நல்ல பேர் வாங்கிய தமிழ் வாத்தியார். மனைவி காலமான பிறகு வேலையை விட்டுவிட்டு, "உங்ககிட்ட கத்துக்கிடணும்" என்று வந்து சேர்ந்தவர். கற்றுக்கொள்ள வந்தவருக்குப் பிள்ளைகளைக் கண்டதும் கை சும்மா இருக்கவில்லை. பள்ளிக்கூடத்தை இப்போது அவர்தான் நடத்தினார்.

"அம்மை, ஒரு கேள்வி."

"கேளுங்க."

"பேச்சிக்கு நான் ஒரு குறையும் வைக்கல. அடிச்சதில்ல. அதட்டினதில்ல. எழுத்தும் கொஞ்சம் கொஞ்சமா வருது. ஆனா பிள்ளை வாடிக்கிட்டே போறா. எங்க தப்பு?"

அம்மை கீரையை உதறினார்.

பேச்சியம்மாள் நாலாம் வகுப்பு. செங்கல் சூளையில் வேலை பார்க்கும் வேலாண்டியின் மகள். எழுத்து அவளுக்குப் பிடி கொடுப்பதில்லை. 'மலை' என்று எழுதிக் காட்டினால் 'மைல' என்று வாசிப்பாள். தன் பெயரையே ஒரு நாள் எழுதியதுபோல மறுநாள் எழுத மாட்டாள். ஈ பறந்தால் கண் அதன் பின்னால் போய்விடும். திரும்பி வர நேரம் பிடிக்கும். டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சோதித்துப் பார்த்துவிட்டு, "புத்தியில ஒரு குறையும் இல்ல. எழுத்துப் பிடிபடறதுலதான் சிக்கல், கவனம் நிக்கறதுலயும். பக்கத்துல உக்காந்து பொறுமையா சொல்லிக் கொடுக்க ஒரு ஆள் வேணும்" என்று சொல்லி அனுப்பினார்.

அந்த ஆள் நான் என்று நயினார் அன்றே முடிவு செய்துகொண்டார்.

களிமண்ணில் எழுத்து செய்து உருட்டக் கொடுத்தார். மணலில் விரலால் எழுத வைத்தார். ஒற்றைக் கொம்புக்கு ஒரு நிறம், இரட்டைக் கொம்புக்கு வேறு நிறம் என்று அட்டை வெட்டினார். பேச்சி நாலு வரி வாசித்த அன்று மடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இப்போது அவள் காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுக்கிறாளாம். பள்ளிக்கூடம் என்றாலே அழுகிறாளாம். நேற்று அவள் அம்மா முப்பிடாதி வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

"நாளைக்கு ஒரு நாள் அவகூட இருங்க" என்றார் அம்மை. "அவ எந்திரிக்கிறதுல இருந்து பொழுது சாயுற வரைக்கும்."

"இருந்து?"

"ஒண்ணும் சொல்லிக் கொடுக்காதீங்க."

"ஒண்ணுமேவா?"

"ஒரு எழுத்துகூட."

நயினாருக்கு அது வீணான நாளாகத்தான் பட்டது. ஆனாலும் சரி என்றார்.

மறுநாள் இருட்டுப் பிரியும் நேரத்துக்கு அவர் வேலாண்டி வீட்டு வாசலில் நின்றார். வேலாண்டி சூளைக்குப் போயிருந்தான். உள்ளே முப்பிடாதியின் குரல் கேட்டது.

"ஏட்டி, எந்திரி. 'மேகம்' எழுது பாப்போம்."

"எம்மா, வவுறு வலிக்கு."

"எழுதிட்டுப் படு. சார் நேத்து சொன்ன சொல்லுல்லா?"

பாயில் உட்கார்ந்தபடியே பேச்சி சிலேட்டை வாங்கினாள். இன்னும் முகம் கழுவவில்லை. கண்ணில் பீளை அப்படியே இருந்தது. எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். வாசலில் நயினாரைப் பார்த்ததும் சிலேட்டைப் பாவாடையால் மூடினாள்.

வீட்டில் சொல்லிப் பார்க்கும்படி முப்பிடாதியிடம் சொன்னதே நயினார்தான். எப்போது என்று அவர் சொல்லவில்லை.

"வாங்க சார்" என்றாள் முப்பிடாதி. "சோறு ஊட்டும்போதும் கேக்கேன். தலை சீவும்போதும் கேக்கேன். விடுறதில்ல நான்."

அவள் அதைப் பெருமையாகத்தான் சொன்னாள். நயினார் தலையை ஆட்டிக்கொண்டார்.

பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் மற்ற பிள்ளைகள் முன்னால் கூட்டமாகப் போனார்கள். யாரோ என்னவோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். பேச்சி பின்னால் நயினாரோடு நடந்தாள். கூட்டத்தில் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். பேச்சியின் பக்கத்து வீட்டு அனுசியா. ஒரு காலத்தில் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டு திரிவார்கள். அனுசியா நடையைக் கொஞ்சம் தாமதித்தாள். அப்புறம் பேச்சி பக்கத்தில் வாத்தியார் வருவதைப் பார்த்துவிட்டு ஓடிப் போனாள்.

வழியில் ஒரு வெள்ளாட்டுக் குட்டி நயினாரின் வேட்டி நுனியைக் கடித்து இழுத்தது. அவர் ஒரு பக்கம் இழுக்க, அது ஒரு பக்கம் இழுக்க, செருப்பு கழன்று சாக்கடை ஓரத்தில் விழுந்தது. பேச்சி களுக்கென்று சிரித்துவிட்டாள். உடனே கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சிரி, ஏன் மூடுத?" என்றார் நயினார்.

"தெரியாமச் சிரிச்சிட்டேன் சார்."

மடத்துக்கு வந்ததும் மற்ற பிள்ளைகள் பாட்டுக்குக் கூடத்துக்குள் போனார்கள். பேச்சி யாரும் சொல்லாமலே அவர் அறைக்குப் போனாள். பாட்டு நேரத்தைத் தனிப் பாடத்துக்கு எடுத்துக்கொண்டது நயினார்தான். எப்படியும் அவளுக்கு வரிகள் மனதில் நிற்பதில்லை, அந்த நேரத்தில் ஒரு சொல்லாவது வரட்டுமே என்று நினைத்தார்.

அவள் களிமண் எழுத்துகளை எடுத்து வரிசையாக வைத்தாள். நிற அட்டைகளை வைத்தாள். பிறகு இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"ஏன் கைமேல உக்காருத?"

"நீங்கதான் சார் கை அலையுதுன்னு சொன்னீங்க. இப்படி உக்காந்தா அலையாது."

அவர் அப்படிச் சொன்னது உண்டு. அன்பாகத்தான் சொன்னார், தலையைத் தடவிக்கொண்டு. எப்போது சொன்னார் என்பது அவருக்கு ஞாபகம் இல்லை. அவளுக்கு இருந்தது.

கூடத்தில் இருந்து பாட்டுச் சத்தம் வந்தது.

"சார், இன்னைக்குப் பாடம் இல்லையா?"

"இல்ல."

அவள் முகம் சுருங்கியது.

"என்னைய விட்டுட்டீங்களா?"

"இல்ல பிள்ளே."

"எனக்கு இனிமே வராதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாகளா?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்ல. இன்னைக்குச் சும்மா இருப்போம். உனக்கு என்ன செய்யணும்போல இருக்கோ, அதைச் செய்."

பேச்சி யோசித்தாள். நெற்றியைச் சுருக்கி, உதட்டைக் கடித்து, 'மேகம்' எழுதும்போது யோசித்தாளே, அப்படி யோசித்தாள். கடைசியில் அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்:

"எது சரி சார்?"

நயினார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மத்தியானம் மணி அடித்தது. பேச்சியின் தட்டு தினமும் அந்த அறைக்கே வந்துவிடும். பந்தியில் உட்கார்ந்தால் வேடிக்கை பார்த்துக்கொண்டு ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் நேரத்தைக் கடத்துவாள் என்பதால் அவர் செய்த ஏற்பாடு. இன்று அவளைக் கூட்டிக்கொண்டு கூடத்துக்குப் போனார்.

பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அனுசியாவுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. பேச்சி தட்டோடு நின்றாள். யாரும் விரட்டவில்லை, முகம் சுளிக்கவில்லை. அவள் அங்கே வந்து சாப்பிடுவாள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். நின்று பார்த்துவிட்டு அவள் திரும்பி அறைக்கே போய்விட்டாள்.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் வாய்க்கால் பக்கம் ஓடினார்கள். அந்த நேரத்தையும் நயினார் தனிப் பாடத்துக்கு எடுத்து மாதக்கணக்கு ஆகிவிட்டது. "நீயும் போ" என்றார். பேச்சி போனாள். மருத மரத்தடியில் நின்று அவர்கள் குதிப்பதைப் பார்த்தாள். பிறகு கீழே உட்கார்ந்து, விரலால் மண்ணில் 'மேகம்' என்று எழுதினாள். தப்பாக வந்தது. அழித்தாள்.

நயினார் மடத்துக்குத் திரும்பியபோது அம்மை விளக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன பார்த்தீங்க?"

நயினார் உட்கார்ந்தார்.

"ஒரு தடவை சிரிச்சா. ஆடு என் வேட்டியைக் கடிச்சப்போ. அதையும் கையால மூடிக்கிட்டா."

"வேற?"

"வேற சிரிக்கல."

அம்மை அடுத்த திரியை எடுத்தார்.

"அவகிட்ட இருந்து என்னென்ன எடுத்தீங்க?"

"பாட்டு எடுத்தேன். பந்தி எடுத்தேன். சாயங்காலம் எடுத்தேன். காலையில அவ முகம் கழுவுற நேரத்தையும் எடுத்திருக்கேன். இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

"எதுக்கு எடுத்தீங்க?"

"வாசிக்க நேரம் வேணுமேன்னு."

"திருப்பிக் கொடுத்துருங்க."

"அப்போ வாசிப்பு? அதை நிறுத்திரவா?"

"நிறுத்தச் சொன்னேனா? எழுத்து அவளுக்கு வேணும். மிச்ச நேரத்துல நடத்துங்க. நல்ல வாத்தியார்னு டவுன் முழுக்கப் பேர் வாங்கினவரு, இதைக்கூடச் செய்ய மாட்டீங்களா?"

அம்மை சிரித்தார். நயினாருக்குச் சிரிப்பு வரவில்லை.

முப்பிடாதியிடம் போய், வீட்டில் இனிமேல் எதுவும் கேட்க வேண்டாம் என்றார். அவள் நம்பாமல் பார்த்தாள். "கேக்காட்டா மறந்திருவாளே சார்." "மறந்தா மறக்கட்டும். நான் பாத்துக்கிடுதேன்" என்றார். பாட்டையும் பந்தியையும் சாயங்காலத்தையும் மறுநாளே திருப்பிக் கொடுத்தார்.

ஆனால் கொடுத்ததை வாங்கிக்கொள்ளப் பேச்சிக்குத் தெரியவில்லை. பாட்டில் வாயைத் திறக்காமல் நின்றாள். பந்தியில் கடைசியில், சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். சாயங்காலம் மருத மரத்தை விட்டு நகரவில்லை. நயினார் அனுசியாவைக் கூப்பிட்டு, "பேச்சியைச் சேத்துக்கோ பிள்ளே" என்றார். அனுசியா நல்ல பிள்ளை. சொன்னபடி கேட்டாள். பேச்சியின் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்த் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். வாத்தியார் கொடுத்த வேலையைச் செய்வதுபோல இருந்தது அது. மறுநாள் பேச்சியே கையை உருவிக்கொண்டாள்.

"வரமாட்டேங்கா அம்மை" என்றார் நயினார். "கொடுத்துட்டேன். ஆனா போய்ச் சேரல."

"நீங்க எங்க நின்னீங்க?"

"ஓரமாத்தான். தொந்தரவு செய்யாம பாத்துக்கிட்டு இருந்தேன்."

"ஓ" என்றார் அம்மை.

அந்த 'ஓ' நயினாரை ஒரு நாள் முழுக்க அரித்தது. மறுநாள் சாயங்காலம் அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பிள்ளைகள் நடுவில் போய் நின்றார்.

"நானும் வாரேன் ஆட்டத்துக்கு."

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆட்டம் கல்லா மண்ணா. பிடிக்கிறவள் கல்லைக் கேட்டால் மற்றவர்கள் எல்லாம் மண்ணில்தான் நிற்க வேண்டும். கல்லில் கால் வைத்தவரைத் தொட்டுவிட்டால் அவர் அவுட். மண்ணைக் கேட்டால் எல்லாரும் கல்லுக்குத் தாவ வேண்டும்.

அனுசியா பிடிக்கிறவள். "கல்லு!" என்று கத்தினாள். நயினார் நேராகப் போய்ப் படித்துறைக் கல்லில் ஏறி நின்றார். ஓடி வந்து தொட்டாள். பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள். அடுத்த ஆட்டத்தில் "மண்ணு!" என்றாள். அவர் மண்ணில் நின்றுகொண்டு, எதைக் கேட்டாள் என்று யோசித்தார். மறுபடி தொட்டாள். அவர் நடிக்கவில்லை. நிஜமாகவே பிடிபடவில்லை. சொல்லுக்கும் காலுக்கும் நடுவில் எங்கோ வழி தப்பியது. வயதும் ஒத்துழைக்கவில்லை.

"சாருக்கு வரவே மாட்டேங்கு!" என்று ஒருத்தி கத்தினாள்.

வியர்த்துப்போய் அவர் மறுபடியும் கல்லில் நின்றபோது மருத மரத்துப் பக்கமிருந்து ஒரு குரல் கீச்சென்று வந்தது.

"சார், எறங்குங்க! அவ கல்லு கேட்டிருக்கா! எறங்குங்க சார்!"

அவர் எந்தப் பக்கம் இறங்குவது என்று திகைத்து நிற்க, பேச்சி பாய்ந்து வந்து அவர் கையைப் பிடித்து இழுத்தாள். இரண்டு பேரும் மண்ணில் விழுந்தார்கள். எதிரே ஓடி வந்த அனுசியாவும் நிற்க முடியாமல் அவர்கள்மேல் விழுந்தாள்.

பேச்சி சிரித்தாள். முகமெல்லாம் மண். கைகளை எங்கேயும் வைத்துக்கொள்ள அவளுக்கு நேரம் இருக்கவில்லை.

நயினாருக்கு முழங்கால் சிராய்த்து ரத்தம் வந்தது. "சாருக்கு அடி, சாருக்கு அடி" என்று அனுசியாவும் பேச்சியும் ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து வாய்க்காலுக்குக் கூட்டிப் போனார்கள். யார் முதலில் தண்ணீர் ஊற்றுவது என்று சண்டை போட்டார்கள். நல்ல சண்டை. அவர் குறுக்கிடவில்லை.

பிறகு ஆனதெல்லாம் மெதுவாக ஆனது. தனிப் பாடம் சின்னதாகிவிட்டது. அதையும் அவளை உட்கார வைத்து நடத்தவில்லை. அவள் நடந்துகொண்டே வாசித்தாள். ஒரு சொல்லுக்கு முற்றத்தை ஒரு சுற்று. கவனம் போனால் போகவிட்டார். திரும்பி வரும்போது அவர் அங்கேயே இருந்தார். சில நாள் ஒரு பக்கம் வாசித்தாள். சில நாள் ஒரு வரியும் வராது. நேற்று வந்த சொல் இன்று காணாமல் போயிருக்கும். முன்பெல்லாம் அது நயினாரைத் தூங்கவிடாது. இப்போதும் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. ஆனால் வயிற்றுவலி நின்றுவிட்டது. பந்தியில் பேச ஆரம்பித்து, சோறு ஆறும் வரைக்கும் பேசினாள். பாட்டு வரிகளில் மற்றவர்களுக்கு முன்னால் ஓடினாள், இல்லாவிட்டால் பின்தங்கினாள். சத்தமாகப் பாடினாள்.

ஒரு நாள் வேலாண்டி வந்தான்.

சூளையில் இருந்து நேராக வந்திருந்தான். மேலெல்லாம் செம்மண் தூசி. நயினாருக்குக் கும்பிடுகூடப் போடவில்லை. அம்மை முன்னால் போய் நின்றான்.

"பாடத்தைக் கொறைச்சிட்டீகளாமே. பிள்ளை விளையாடிக்கிட்டுத் திரியுதாம். ஊர்ல சொல்லுதாக."

"ஆமா" என்றார் அம்மை. "உக்காருங்க."

"உக்கார வரல. எனக்குப் பதில் வேணும்." குரல் உயர்ந்தது, பிறகு உடைந்தது. "நானும் அவளை மாதிரிதான். எனக்கும் எழுத்து ஏறாது. அஞ்சாங் கிளாஸோட ஓடிட்டேன். பஸ்ஸு போர்டு பாக்கக்கூட இன்னைக்கும் ஒருத்தன் துணை வேணும். அவ என்னை மாதிரி ஆயிரக்கூடாது. அதுக்குத்தானே இவரை நம்பி விட்டேன்?"

நயினார் தலையைக் குனிந்தார். அம்மை செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வேலாண்டி குடித்தான். குடித்தபின் தானாகவே உட்கார்ந்தான்.

"படிக்கிற காலத்துல உங்களுக்கு நல்லா இருந்த ஒரு இடம் சொல்லுங்க" என்றார் அம்மை.

"இடமா?"

"ஏதாவது ஒண்ணு."

வேலாண்டி யோசித்தான். செம்பைத் தரையில் வைத்து மெல்ல உருட்டினான்.

"ஓடைப்பாலம்" என்றான். "பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் நடுவுல ஒண்ணு உண்டு. பள்ளிக்கூடம் விட்டதும் அதுக்கு அடியில போய் உக்காந்திருவேன். அங்க வாத்தியாரு கிடையாது. வீட்டுக்குப் போனா அப்பன் சிலேட்டைக் காட்டும்பாரு. அதுக்குப் பயந்துகிட்டு இருட்டுற வரைக்கும் அங்கனயே இருப்பேன். கொசு கடிக்கும். ஆனா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாக."

"தனியாவா?"

"தனியாத்தான்."

வெளியே முற்றத்தில் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. அதில் ஒரு குரல் மற்ற எல்லாவற்றையும் மீறி வந்தது. வேலாண்டி திரும்பிப் பார்த்தான்.

"எம் மவ சத்தம்லா அது?"

"அவதான்."

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். வீட்டில் இந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாளாகிறது என்று நினைத்தானோ என்னவோ, தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். தூசிதான் இன்னும் பரவியது.

"எல்லாம் சரி" என்றான். குரலில் கோபம் போய்விட்டிருந்தது. பயம் மட்டும் இருந்தது. "ஆனா அவ எப்ப வாசிப்பா? அதைச் சொல்லுங்க."

நயினாரும் நிமிர்ந்தார். அவருக்கும் அந்தப் பதில் வேண்டியிருந்தது.

"வாசிப்பா" என்றார் அம்மை. "எப்பன்னு எனக்குத் தெரியாது. நாளாகும். அதுவரைக்கும் அவ எங்க உக்காரணும்னு சொல்லுதீங்க, பாலத்துக்கு அடியிலயா, இங்கயா?"